ஏழு என்று வைத்த தண்ணீர்

அத்தானின் பீ.எச். மீற்றர் ஒரு சவர்க்காரக் கட்டியின் அளவுதான் இருக்கும். சாம்பல் நிறப் பெட்டி. முகப்பில் எண்கள் தெரியும் சிறு கண்ணாடி, பக்கவாட்டில் ஒரு திருகாணி. பெட்டியிலிருந்து வயர் ஒன்று போகும். அதன் முனையில் பேனை போன்ற குழாய், குழாயின் நுனியில் குன்றிமணி அளவில் மெல்லிய கண்ணாடிக் குமிழ். மண்ணைத் தண்ணீரில் கரைத்து அந்தக் குமிழை அமிழ்த்தினால், மண் புளிப்பா காரமா என்று எண்ணாகச் சொல்லும். ஏழு என்றால் இரண்டும் இல்லை. ஏழுக்குக் கீழே புளிப்பு, மேலே காரம்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், விவசாயப் போதனாசிரியராக இருந்தார். 1983இல் யப்பானுக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியபோது அதைக் கொண்டுவந்தார். அவர் வேலை செய்த அரசாங்கக் கந்தோருக்கு உரியதல்ல, அவருடைய சொந்தப் பொருள். அதனால்தானோ என்னவோ, கந்தோர்ப் பொருட்களுக்கு இல்லாத சட்டதிட்டங்கள் அதற்கு இருந்தன. குமிழைத் துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். காய விடக் கூடாது. மூடிக்குள் எப்போதும் நனைந்த பஞ்சு இருக்க வேண்டும். அந்தப் பஞ்சும் வெறும் தண்ணீரில் அல்ல, பொட்டாசியம் உப்பைக் கரைத்த நீரில் நனைந்திருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் குமிழை ஊறப்போடவே கூடாது. எங்கள் கிணறுகளின் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் குமிழிலும் படியும்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் சட்டம் ஒன்று இருந்தது. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் மீற்றருக்கு ஏழு எது என்று காட்ட வேண்டும். அதற்கெனச் சிறு பொட்டலங்கள் வந்திருந்தன. ஒரு பொட்டலத்தின் தூளை அளந்த நீரில் கரைத்தால் கிடைக்கும் கரைசல் சரியாக ஏழு. அதைப் போத்தலில் அடைத்து, திகதி எழுதி ஒட்டி, ஒரு மாதத்துக்கு வைத்திருப்பார். காலையில் குமிழை அதில் வைத்து, எண் ஏழில் நிற்கும்வரை திருகாணியைத் திருப்புவார்.

"மனிசரைப் போலைதான் தம்பி, உதுவும் படுத்தெழும்பினால் மறந்துபோகும். நெடுகச் சொல்லிக் குடுக்க வேணும்" என்பார்.

"உங்களுக்கும் ஆரேன் சொல்லிக் குடுத்தால் நல்லது. சந்தைக்குப் போகச் சொல்லி இப்ப எத்தினை மணித்தியாலம்?" என்று குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வரும்.

உரும்பிராயில் அக்காவின் சீதனக் காணி ஆறு பரப்பு. செம்மண். அதில் மூன்று பரப்பில் அத்தான் முந்திரிகைப் பந்தல், அதாவது திராட்சைப் பந்தல், போட்டார். இருபத்துநான்கு கொடிகள். பனங்கால்கள் நட்டு, கம்பி இழுத்து, ஒவ்வொரு கொடியையும் அவரே கட்டி ஏற்றினார். மற்றவர்களின் தோட்டங்களில் அளந்ததைக் கந்தோர் ஏட்டில் எழுதுவார். எங்கள் காணியில் அளந்ததை மட்டும் ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதிவந்தார். ஏழு புள்ளி மூன்று, ஏழு புள்ளி இரண்டு, மறுபடி ஏழு புள்ளி மூன்று. ஐந்து வருடத்துக்கு மேல் அந்த எண் அசையவே இல்லை.

1990இல், சண்டை திரும்பத் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், கந்தோர் அலுவலாகக் கொழும்புக்குப் போனார். அவர் திரும்பிவர பஸ் ஏறியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாகச் சொல்ல யாரும் இல்லை. பாதை பூட்டப்பட்டது.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா தனியே இருக்க வேண்டாம் என்று நான் அங்கே போய்த் தங்கினேன். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தினசரியில் எனக்குத் துணை ஆசிரியர் வேலை. பத்திரிகைத் தாள் வராமல், மாணவர்களின் கோடு போட்ட கொப்பித் தாளில் செய்தி அச்சடித்த காலம் அது. பின்னேரம் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தும்போது அக்கா வாசலுக்கு வந்து கேட்பாள்.

"ஏதும் பேர் வந்ததோ?"

பிடிபட்டவர்கள், விடுதலையானவர்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள் என்று பெயர்ப் பட்டியல்கள் எப்போதாவது எங்கள் மேசைக்கு வரும். நான் "இல்லை" என்பேன். அவள் திரும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றுவாள். என் ஒரு சொல்லைக்கூட அவள் இன்னொருவரிடம் கேட்டுப் பார்த்ததில்லை. பத்திரிகைக்காரன் சொன்னால் அது பார்த்துத்தான் சொன்னது என்பது அவளுடைய எண்ணம்.

1992இல், மாசி மாதம் கழிந்தபிறகு, கொடிகள் மஞ்சளாகத் தொடங்கின. அடியிலிருந்த முத்தல் இலைகள் முதலில் வெளிறின. பிறகு மஞ்சள் மேலே ஏறியது. மண்ணெண்ணெய் இல்லாததால் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஓடாமல் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. நானும் அக்காவும் கிணற்றில் அள்ளி வாளியால் ஊற்றிக்கொண்டிருந்தோம். உரம் எதுவும் வடக்குக்கு வரவில்லை. போன வருடம் காய்த்தவை ஒரு பெட்டிக்குக் காணாது. இந்த வருடம் பூவே இல்லை.

"உந்தப் பந்தலைப் பிடுங்கிப்போட்டு மரவள்ளி வையன் பிள்ளை" என்றார் பக்கத்து வீட்டு மாமி, வேலிக்கு மேலால். "நிழலைத் திண்டு சீவிக்க ஏலுமே?"

"அவர் வரேக்கை பந்தல் நிக்க வேணும், மாமி."

"அவர் வந்தால் உன்னையெல்லோ பாக்கப் போறார்? நீ எலும்பாய் நிண்டால் பந்தலிலையோ கொண்டுபோய்க் கட்டுறது?"

அக்கா சிரித்தாள். ஆனால் இரண்டு நாள் கழித்து, காலைச் சாப்பாட்டின்போது, அதே விசயத்தை என்னிடம் எடுத்தாள்.

"தம்பி, அந்த மீற்றரை எடுத்து ஒருக்கால் பார். மண் பழுதாய்ப் போச்செண்டால் நான் பிடுங்குறன். மண் நல்லாயிருந்தால் ஆர் என்ன சொன்னாலும் கிடக்கட்டும்."

முடிவை முழுதாக அந்த எண்ணிடம் விட்டாள்.

மீற்றர் அலுமாரியில், அதன் தோல் உறைக்குள் இருந்தது. மூடியைக் கழற்றினால் பஞ்சு காய்ந்து தூளாக உதிர்ந்தது. குமிழின்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை வினாகிரியில் சற்றுநேரம் வைத்துக் கழுவி, பொட்டாசியம் உப்பு கிடைக்காதபடியால் கறியுப்புக் கரைசலில் இரண்டு நாள் ஊறவிட்டேன். பற்றரிதான் பெரிய சிக்கல். வடக்குக்குக் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. எங்கள் காரியாலயத்தில் வானொலிச் செய்தி கேட்பதற்காகப் பழைய ரோர்ச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து, உப்புத் தண்ணீரில் அவித்து, திரும்பத் திரும்பப் பாவிப்போம். வானொலிக்கும் உதவாமல் கழித்துவிட்ட எட்டை நான் கேட்டு வாங்கினேன். பிளந்த மூங்கிலுக்குள் அவற்றை வரிசையாக வைத்து, சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டி, இரண்டு முனையிலும் வயர் பொருத்தினேன். எண்கள் ஒளிர்ந்தன. நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதுபோல அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஏழு காட்டும் பொட்டலம் ஒன்றே ஒன்றுதான் மீந்திருந்தது. நான் அதை எடுத்தபோது அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியோ?"

"ஓம்."

"அப்ப அது கிடக்கட்டும். அவர் வந்து உடைக்கட்டும்."

அப்போது எல்லா வீடுகளிலும் ஒவ்வொரு பொருளின் கடைசியும் இப்படித்தான் இருந்தது. ஒரு வாசனைச் சவர்க்காரம், ஒரு மெழுகுதிரி, காய்ச்சலுக்கு நாலு பனடோல். அவற்றைப் பாவிப்பதில்லை. இருக்கிறது என்பதே அவற்றின் பயன். நானும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு வேறு யோசனை இருந்தது.

மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஒரு போத்தல் எங்களிடம் இருந்தது. நாலு தடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல் வைத்து, கீழே பாத்திரம் வைத்துப் பிடிப்பது. காய்ச்சி வடித்த நீர் வராமல் நின்றபின் கார் பற்றரிகளுக்கு அதைத்தான் எல்லோரும் ஊற்றினார்கள். சுண்ணாம்புத் தண்ணீரையே குடித்து வளர்ந்த எங்களுக்கு, ஒன்றுமே கலக்காத தண்ணீர் என்றால் அது மழைத் தண்ணீர்தான். ஒன்றும் கலக்காத தண்ணீர் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. ஆகவே ஏழு. இப்படி யோசித்தேன். யோசித்ததைக் கேட்டுப் பார்க்க அந்த ஊரில் இரண்டு பேராவது இருந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

குமிழை மழைத் தண்ணீரில் வைத்தேன். எண்கள் வெகுநேரம் ஆடின. பிறகு ஐந்து புள்ளி ஏழுக்கு அருகில் வந்து நின்றன. இரண்டு வருடம் காய்ந்து கிடந்ததில் மீற்றர் பிசகிவிட்டது என்று நினைத்தேன். திருகாணியைத் திருப்பி ஏழு ஆக்கினேன்.

மற்ற எல்லாவற்றையும் அத்தான் செய்த மாதிரியே செய்தேன். பந்தலின் ஐந்து இடங்களில் ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்தேன். கல் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, கலந்து, கண்ணாடிக் குவளையில் கரைத்து, அரை மணித்தியாலம் அடைய விட்டேன். குமிழை இறக்கினேன். எட்டு புள்ளி ஆறு. கழுவி, ஒற்றி, திரும்ப வைத்தேன். எட்டு புள்ளி ஆறு.

ஒரு மூலத்தை மட்டும் நம்பிச் செய்தி போடக் கூடாது என்பது மேசையில் நாங்கள் படித்த பாடம். ஆகவே கிணற்றுத் தண்ணீரையும் அளந்தேன். எட்டு புள்ளி ஏழு. மண்ணும் சொல்கிறது, தண்ணீரும் சொல்கிறது, இனிச் சந்தேகம் இல்லை என்று முடிவுசெய்தேன். இரண்டு மூலங்களையும் ஒரே மீற்றரின் வாயால் கேட்டிருக்கிறேன் என்பது அப்போது தோன்றவில்லை. அத்தானின் கொப்பியில், முன்பக்க அட்டையின் உட்புறத்தில், "எட்டரைக்கு மேல் முந்திரிகைக்கு ஆகாது" என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதை அக்காவுக்குக் காட்டினேன்.

அவள் எழுத்தை இரண்டு தரம் வாசித்தாள். விரலால் அந்த வரியைத் தொட்டாள்.

"அவரே எழுதி வைச்சிருக்கிறார்" என்றாள்.

அடுத்த வாரம் பிடுங்கினோம். நான் இரண்டு நாள் லீவு எடுத்தேன். பக்கத்து வீட்டு மாமியின் கணவர் அலவாங்கோடு வந்தார். நாங்கள் இருவரும் கிண்டிக் கிளப்ப, அக்கா கொடியைக் கம்பியிலிருந்து அவிழ்த்தாள். வெட்டிவிடலாம் என்றோம். அவள் கேட்கவில்லை. அத்தான் போட்ட முடிச்சு ஒவ்வொன்றையும் நகத்தால் தளர்த்தி அவிழ்த்து, கயிற்றுத் துண்டுகளைச் சேர்த்து வைத்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ கொடியில் அவள் குந்தியிருந்து, அறுந்த வேரை எடுத்து முறித்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக இருந்தது. கையில் ஈரம் பட்டது.

"இது செத்த வேர் இல்லைத் தம்பி."

"மீற்றர் எட்டு புள்ளி ஆறு காட்டுதக்கா."

அவள் வேரை வைத்துவிட்டு எழுந்து அடுத்த கொடிக்குப் போனாள்.

பனங்கால்கள் பங்கருக்குக் கூரையாகப் போயின. அந்த மாதங்களில் குண்டு விழும் சத்தம் கேட்டால் நாங்கள் அதற்குள்தான் இறங்கி இருப்போம். கம்பி இறுகிய தடங்கள் கால்களில் தெரியும். அக்கா அவற்றைப் பார்த்தபடி இருப்பாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். வெறுமையான மூன்று பரப்பிலும் ஆட்டெரு தாழ்த்து வெங்காயமும் மரவள்ளியும் வைத்தோம். வெங்காயம் நன்றாக வந்தது. எட்டு புள்ளி ஆறில் வெங்காயம் அப்படி வந்திருக்கக் கூடாது. அதைக் கண்டேன். ஆனால் அது என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை.

மீற்றரை அதன் பிறகு நான் பாவிக்கவில்லை. பஞ்சை மட்டும் அடிக்கடி நனைத்துவைத்தேன். திருகாணியைத் தொடவில்லை.

1994இல், உயர்தர மாணவர்கள் இரசாயனப் பொருட்கள் இல்லாமல் செய்முறைப் பயிற்சி எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. நல்லூரில் ஒரு ரியூட்டறிக்குப் போய் அங்கே படிப்பித்த இரசாயன ஆசிரியரைச் சந்தித்தேன். என்னிலும் இரண்டொரு வயது கூடியவர், கலகலப்பாகக் கதைப்பவர். செவ்வரத்தம் பூச் சாற்றைப் புளிப்புக்கும் காரத்துக்கும் நிறம் மாற்றிக் காட்டுவதை விபரித்தார். நானும் சும்மா இராமல், மழைத் தண்ணீரால் மீற்றரை ஏழில் நிறுத்திய கதையைச் சொன்னேன். அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் போலும்.

"மழைத் தண்ணியோ?" என்றார் அவர். "மழைத் தண்ணி புளிப்பெல்லோ! காத்திலை கிடக்கிற கரியமிலவாயு அதிலை கரையும். ஐஞ்சரை, ஐஞ்சே முக்கால் அப்பிடித்தான் வரும். ஆர் உங்களுக்கு ஏழு எண்டு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"நீங்கள் பேப்பர்காரர். நாலு பேரைக் கேட்டுப்போட்டுத்தான் எழுதுறனீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சன்." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஏன், ஏதும் பிழைச்சுப் போச்சோ?"

கொடிகள் மஞ்சளான விதத்தைச் சொன்னேன்.

"எந்த இலை முதல் மஞ்சளானது? குருத்தோ, முத்தலோ?"

"முத்தல். அடியிலை இருந்து."

"மண் காரமாய்ப் போனால் குருத்திலைதான் முதல் தெரியும். நரம்பு பச்சையாய் நிக்கும். முத்தல் பழுத்தால் உரக் குறைவு. வேறை ஒண்டுமில்லை. ஆட்டெரு தாழ்த்திருந்தாலே எழும்பியிருக்கும்."

முத்தல் இலை என்பதை நான் இரண்டு வருடமாகத் துல்லியமாக நினைவில் வைத்திருந்தேன். அதற்கு அர்த்தம் இருப்பதுதான் எனக்குத் தெரியாது. எழும்பும்போது அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். அந்தப் பொட்டலத்தை மழைத் தண்ணீரில் கரைத்தால் சரிவருமா? தாராளமாக வரும் என்றார். அந்தத் தூள் தண்ணீரின் புளிப்பை அடக்கி ஏழில் கொண்டுவந்து நிறுத்தும், அதற்காகத்தான் அது என்றார்.

அன்று பின்னேரம் அக்கா வழக்கம்போல வாசலுக்கு வந்தாள். பெயர் ஒன்றும் வரவில்லை என்றேன். பிறகு, நின்றபடியே, மழைத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். சுருக்கமாக, தலைப்பும் முதல் பந்தியும் சொல்வதுபோலச் சொன்னேன். நிச்சயப்படுத்த வேண்டுமென்றால் அந்தப் பொட்டலம் வேண்டும் என்றேன்.

அவள் உள்ளே போய் அதைக் கொண்டுவந்தாள். தானே கத்தரிக்கோலால் மூலையை வெட்டினாள். அளவு பார்த்துக் கரைத்ததும் அவள்தான். அத்தான் செய்வதை அவள் பார்த்திருந்தாள், எனக்குத்தான் அது புதிது. பழைய பற்றரிகளை மூங்கிலில் அடுக்கினேன். குமிழை இறக்கினேன். ஏழு காட்ட வேண்டிய கரைசலில் மீற்றர் எட்டு புள்ளி மூன்று காட்டியது.

ஒன்று புள்ளி மூன்று கூட. எட்டு புள்ளி ஆறிலிருந்து அதைக் கழித்தால் வருவது, அத்தான் அந்தக் கொப்பியில் வருடக்கணக்காக எழுதிவந்த அதே எண்.

அக்கா மனதுக்குள் கழித்துப் பார்த்தாள் என்பது அவள் உதடு அசைந்ததில் தெரிந்தது.

"அப்ப அது தப்பியிருக்கும்" என்றாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வெயிலைச் சொல்லியிருக்கலாம், தண்ணீர் போதாததைச் சொல்லியிருக்கலாம், எப்படியும் நட்டமாகியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம்" என்றேன்.

அவள் கரைசலைப் போத்தலில் ஊற்றி மூடினாள். ஒரு காகிதத் துண்டில் அன்றைய திகதியை எழுதிச் சோற்றுப் பசையால் ஒட்டினாள். குமிழைக் கழுவி ஒற்றி மூடினாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றும் தேத்தண்ணி வந்தது. என்னை அவள் ஏசவில்லை. அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவும் இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் நான் சைக்கிளை நிறுத்தியபோது அவள் வாசலுக்கு வரவில்லை. கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நானாகவே, "இண்டைக்கும் ஒண்டும் வரேல்லை அக்கா" என்றேன். "ம்" என்றாள். சில நாட்களில் எனக்குத் தெரியவந்தது: காணாமற் போனவர்களின் விபரம் பதியும் அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளில் போய், சுவரில் ஒட்டும் பட்டியல்களைத் தானே வாசித்துவிட்டு வருகிறாள். போக வர ஒன்பது மைல். அந்தப் பட்டியல்கள் முதலில் என் மேசைக்குத்தான் வந்தன. அவளுக்கும் அது தெரியும்.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் என்னை வேலியோரம் மறித்தார். "கொக்காவை உந்த வெயிலுக்கை அலைய விட்டிட்டு நீ என்னடா பேப்பரிலை வேலை செய்யிறாய்?" என்றார். சைக்கிளின் பிறேக்கைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்தேன்.

1995 ஒக்ரோபரில் சண்டை எங்கள் பக்கமாக நெருங்கி வந்தது. ஒருநாள் மத்தியானம் காரியாலயத்தில் செய்தி உறுதியானவுடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். செல் விழுந்து வெடிக்கும் சத்தம் கோப்பாய்ப் பக்கம் தெளிவாகக் கேட்டது. அக்கா முற்றத்தில் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இப்பவே வெளிக்கிட வேணும். தென்மராட்சிப் பக்கம் போகச் சொல்லுறாங்கள். இனி இஞ்சை நிக்க ஏலாது."

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். என்னைக் கடந்து வேலியடிக்குப் போனாள்.

"மாமி" என்று கூப்பிட்டாள். "தம்பி வெளிக்கிடச் சொல்லுறான். மெய்யோ?"

மாமி உள்ளே ஏதோ கட்டிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. அக்கா இன்னொரு தரம், சத்தமாகக் கேட்டாள். பதில் வரும்வரை நான் முற்றத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.